கெம்பம்மாவின் இடத்தில் ஜவரய்யா

ஜவரய்யா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இருபத்தேழு வருடமாக அவருக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கிறேன், அதனால் இதைச் சொல்ல எனக்கு அருகதை உண்டு. ஓட்டலில் செட் தோசை வருவதற்குள் நான்கு மேசைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார். கல்யாண வீட்டில் மேளம் கொட்டித் தாலி கட்டும்போது மனிதர் வாசலில் நின்று வந்தவர்களின் செருப்பை ஜோடி சேர்த்துக்கொண்டிருப்பார். மைசூர்ப் பட்டு நெய்கிற மில் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம், நூல் அறுந்த தறியைத் தேடி ஓடிக்கொண்டே இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கால் ஓய்வு பெறவில்லை. "இவருக்குப் பதிலா ஒரு பம்பரத்தைக் கட்டிக்கிட்டிருக்கலாம். அதுவாவது சுத்தி முடிச்சு ஒரு ஓரமா விழும்" என்று அவர் மனைவியே சொல்வாள்.

அப்படிப்பட்டவர் அசையாமல் இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பச்சிமோத்தாசனம். காலை நீட்டி உட்கார்ந்து, இடுப்பிலிருந்து குனிந்து, நெற்றியை முழங்காலுக்குக் கீழே வைத்துவிட்டால் ஜவரய்யா அடங்கிவிடுவார். ஐந்து நிமிடம், ஏழு நிமிடம், முதுகு மட்டும் மெல்ல ஏறி இறங்கும். பன்னிரண்டு வயதில் மடத்துப் பள்ளியில் கற்றது. வேட்டியை மடிப்பதுபோல் உடம்பை மடிப்பார். "இந்த ஏழு நிமிஷம் இல்லேன்னா நான் என்னிக்கோ பைத்தியமாயிருப்பேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். தபாலாபீசில் வேலை பார்த்த எனக்கு எது நிஜ விலாசம், எது பொய் விலாசம் என்று தெரியும். அவர் சொன்னது நிஜம்.

எங்கள் தெருவின் ராம மந்திரத்தில், அதாவது ராமர் பஜனைக் கூடத்தில், விடியற்காலை ஐந்தரைக்கு அவர் வகுப்பு. ராமர் படத்துக்கு முன்னால் சிவப்புச் சிமெண்டுத் தரை, ஆளுக்கொரு ஜமக்காளம். காசு கிடையாது. முப்பது பேர் வருவோம். வாத்தியார் என்கிற மரியாதையில் எல்லோரும் அவரை மேஷ்ட்ரு என்போம். நான் தமிழ்க்காரி, தபாலாபீஸ்காரி, எனக்கு அங்கே போஸ்டம்மா என்று பெயர்.

அந்த வகுப்பில் தொல்லை என்னவென்றால் ஜவரய்யாவின் கைகள். அவை சும்மா இருக்காது. நாம் காலை நீட்டிக் குனிந்தால் போதும், பின்னால் வந்து மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையையும் விலாவில் பதித்து, மார்பால் நம் முதுகில் சாய்ந்து, "மூச்சை விடு... விடு... இன்னும் விடு" என்று முழு எடையையும் இறக்குவார். அவரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. அழுத்தாத வாத்தியார் வாத்தியாரே இல்லை என்பது எங்கள் தெருக்காரர்களின் நினைப்பு. "இன்னிக்கி மேஷ்ட்ரு என்னைத் தொடவே இல்ல" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அழுத்தும்போது தொடைக்குப் பின்னால் 'டக்' என்று கேட்டால் அதற்குத் திறந்துகொண்டது என்று பெயர். இத்தனை வருடம் பூட்டிக் கிடந்த உடம்பு திறந்ததாம். ராமர் படத்தடியில் இருக்கிற டப்பாவிலிருந்து எல்லோருக்கும் ஒரு ஸ்பூன் சர்க்கரை வரும். எனக்குத் தெரிந்து ஐந்தாறு பேருக்குத் திறந்திருக்கிறது. அதில் நாலு பேர் அப்புறம் வகுப்புக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

கெம்பம்மா பூக்காரி. நாற்பத்து நான்கு வயது. புருஷன் ஹூப்ளிப் பக்கம் லாரி ஓட்டுகிறான், வந்தால் வந்தான். இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். மார்க்கெட்டின் தெற்கு வாசலில் ஒரு சாக்கு விரித்து, காலை ஏழிலிருந்து மத்தியானம் இரண்டு வரை சம்மணமிட்டு உட்கார்ந்து பூ கட்டி விற்பாள். இருபது வருடம் இப்படி உட்கார்ந்ததில் இடுப்பு வலி வந்து, அதற்காகத்தான் வகுப்பில் சேர்ந்தாள். ஒரு நாள்கூடத் தவறமாட்டாள். என் பக்கத்து ஜமக்காளம் அவளுடையது. மற்ற ஆசனமெல்லாம் நன்றாக வந்தது. காலை நீட்டிக் குனிந்தால் மட்டும் விரல் நுனிக்கும் கால் கட்டைவிரலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

அந்த ஒரு சாண் ஜவரய்யாவின் கண்ணில் விழுந்த தூசியாகிவிட்டது. அந்த வருடம் தசராவுக்கு நடக்கிற யோகப் போட்டியில் எட்டுப் பேர் கொண்ட அணியாகப் பெயர் கொடுத்திருந்தார். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் குனிய வேண்டும், எட்டு நெற்றியும் காலைத் தொட வேண்டும், இடைவெளி தெரிந்தால் மதிப்பெண் போய்விடும். எட்டாவதாக இருந்தவள் மகள் பிரசவத்துக்கென்று பெங்களூர் போய்விட, அந்த இடத்தில் கெம்பம்மாவைப் போட்டார். போட்ட நாளிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். ஜவரய்யாவுக்குப் பதறுவதுதான் காரியமே.

நம் ஆடி மாதிரியான ஆஷாட மாதத்து மழைக்காலை அது. கெம்பம்மா தாமதமாக, நனைந்துகொண்டு வந்தாள். முதலில் செய்கிற கைகால் பயிற்சி எல்லாம் முடிந்திருந்தது. நேராக உட்கார்ந்து காலை நீட்டினாள். ஜவரய்யா பின்னால் போய் மண்டியிட்டார்.

"மேஷ்ட்ரே, இன்னிக்கி மெதுவா. உக்கார்ற எலும்புக்கிட்ட சுரீர்ங்குது."

"அது வலி இல்ல, தாயி. பயம். மூச்சை விடு."

"நெஜமாவே வலிக்குது, மேஷ்ட்ரே."

"விடு... இன்னும் விடு..."

பச்சை அவரைக்காயை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். பக்கத்தில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"திறந்துச்சு!" என்று கத்தினார் ஜவரய்யா. "போஸ்டம்மா, பாருங்க, கட்டைவிரலைப் பிடிச்சுட்டா! சர்க்கரை எடுங்க, சர்க்கரை!"

கெம்பம்மாவின் முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. ஆனாலும் சிரித்தாள். எல்லோரும் கைதட்டும்போது ஒருத்தி மட்டும் எப்படி அழுவாள்? சர்க்கரையை வாங்கிக்கொண்டாள். நானும் வாங்கித் தின்றேன். அது என் நாக்கில் இன்றைக்கும் கசக்கிறது என்று எழுத ஆசைதான். ஆனால் அப்போது இனித்தது, அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அதன்பிறகு மூன்று வாரம் அவள் வகுப்புக்கு நொண்டிக்கொண்டே வந்தாள். திறந்த கதவை மூட விடக்கூடாது என்று ஜவரய்யா தினமும் அழுத்தினார். வலி இருக்கத்தான் செய்யும், உள்ளே புதுசாக வழி உண்டாகிறது என்றார். மேஷ்ட்ரு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆஷாட வெள்ளிக்கிழமை ஒன்று. சாமுண்டி மலைக்குப் போகிற கூட்டம் மொத்தமும் மார்க்கெட்டில் இருந்தது. நான் பூ வாங்கப் போனபோது கெம்பம்மா ஒரு பக்கமாகச் சரிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, பாதி எழுந்தும் எழாமலும் இருந்தாள். பக்கத்துச் சாக்கில் பூ விற்கிற தொட்டதாயம்மா என்னைப் பார்த்ததும் சத்தம் போட்டாள்.

"வாங்கம்மா, வாங்க! உங்க யோகா பண்ணின வேலையைப் பாருங்க. இருபது வருஷமா கல்லு மாதிரி உக்காந்திருந்தவ, இப்ப முட்டை வைக்கப்போற கோழி மாதிரி உக்கார்றா!"

ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். தொடையின் பின்தசை, உட்கார்கிற எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்தில் பாதி கிழிந்திருந்தது. அங்கே பிசியோதெரபிப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண், ருக்சானா என்று பெயர், கதையைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"வலிக்குதுன்னு சொன்ன பிறகும் அழுத்தினாரா?"

ஆமாம் என்று நான் சொன்னேன்.

"கிழிஞ்சதை மறுபடி மறுபடி இழுத்திருக்கீங்க. மூணு மாசம் தரையில உக்காரக் கூடாதுக்கா. அப்புறமும் எவ்வளவு நேரம் முடியும்னு இப்பவே சொல்ல முடியாது."

"மூணு மாசமா?" என்றாள் கெம்பம்மா. "மூணு நாள் போனாலே என் இடம் போயிடுமே."

அவள் சொன்னது மிகை இல்லை. தெற்கு வாசல் பூவரிசையில் இடத்துக்குச் சீட்டு கிடையாது. சாக்கு விரித்து உட்கார்ந்தவருக்கு இடம். மூன்று நாள் தொடர்ந்து காலியாகக் கிடந்தால் நான்காம் நாள் வேறொருவர் விரிக்கலாம், அப்புறம் எழுப்பக் கூடாது. அது அந்த வரிசையின் சட்டம். தொட்டதாயம்மாவின் மருமகள் மூன்று வருடமாக இடம் தேடிக்கொண்டிருந்தாள். வரமகாலட்சுமி, கௌரி, கணேசன், தசரா என்று பூவுக்கு நல்ல காலமே இனிமேல்தான். அந்த இடம் போனால் கெம்பம்மாவுக்கும் இரண்டு பெண்களுக்கும் வேறு வழி இல்லை.

நேராக ஜவரய்யா வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். வாய்க்கு வந்தபடி கத்தினேன், தமிழிலும் கத்தினேன். கேட்டுக்கொண்டே நின்றார். முகம் கறுத்தது. ஒரு வார்த்தை, தப்பாகிவிட்டது என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஈரக் காலோடு படியிறங்கி ஓடினார்.

அன்றைக்கு மட்டும் நாலு தடவை கெம்பம்மா வீட்டுக்கு ஓடியிருக்கிறார். முதலில் நல்லெண்ணெய். அப்புறம் எலும்பு கட்டுகிறவர் கொடுத்த ஏதோ தைலம். அப்புறம் உப்பு வறுத்துக் கட்டிய துணி மூட்டை. கடைசியாக ரசவாழைப் பழம் ஒரு சீப்பு, அது எதற்கு என்று அவருக்கே தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த கெம்பம்மா கடைசியில் பொறுமை இழந்துவிட்டாள்.

"மேஷ்ட்ரே, எண்ணெயும் வேணாம், பழமும் வேணாம். என் இடத்துல உக்காருங்க."

"என்ன?"

"மூணு மாசம். நான் வீட்டுல நின்னுக்கிட்டே கட்டித் தர்றேன். நீங்க என் சாக்குல உக்காந்து வித்துக் கொடுங்க. எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சா இடம் போயிடும்."

அவரைப் பார்த்து எழுந்திருக்காதே என்று சொல்வது மீனைப் பார்த்து நீந்தாதே என்று சொல்வதுதான். சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் ஏழு மணிக்கு நான் வேடிக்கை பார்க்கவே போனேன், ஒப்புக்கொள்கிறேன். ஐம்பத்தெட்டு வயது மேஷ்ட்ரு, பூக்காரிகள் பதினோரு பேருக்கு நடுவில், மல்லிகைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டும் தட்தட்டென்று ஆடிக்கொண்டிருந்தது. ஏழேகாலுக்குத் தொட்டதாயம்மாவின் பூவுக்கும் சேர்த்துத் தண்ணீர் தெளித்தார். ஏழரைக்கு எதிர்க்கடைக்காரனின் தராசு சாய்ந்திருப்பதாகச் சொல்லி எழப் போனார்.

"உக்காரு சாமி!" என்றாள் தொட்டதாயம்மா. "நீ எந்திரிச்சா என் மருமக உக்காந்துடுவா. அப்புறம் என்மேல பழி சொல்லாதே."

"கால் மரத்துப்போச்சும்மா."

"மரத்துப் போகட்டும். அவளுக்கு இருபது வருஷமா மரத்துப்போன கால்தான். நாங்க யாராவது முதுகுல ஏறி அழுத்தினோமா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஜவரய்யாவும் சிரிக்கப் பார்த்தார்.

வியாபாரம் முதல் வாரம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. காரணம் வேறு ஒன்றுமில்லை. பூ முழத்துக்கு முழம் கையால் அளப்பது, ஜவரய்யாவுக்கோ குரங்குக் கை. கெம்பம்மாவின் முழத்தைவிட நாலு விரல் நீளம். ஊர்ப் பெண்களெல்லாம் யோகா மேஷ்ட்ருவிடம்தான் பூ வாங்குவேன் என்று நின்றார்கள். தொட்டதாயம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சங்கதி தெரிந்து கெம்பம்மா தன் முழத்துக்கு ஒரு மூங்கில் குச்சியை வெட்டி அனுப்பினாள். அன்றோடு கூட்டம் குறைந்தது, ஜவரய்யாவின் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்சச் சிரிப்பும் குறைந்தது.

காலையில் வகுப்பு, அப்புறம் ஏழு மணி நேரம் சாக்கு. ஓடித் திரிந்த மனிதர் நாள் பூராவும் கல்தரையில் மடங்கிக் கிடந்தார். தசராப் போட்டிக்குக் கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வகுப்பில் அழுத்துவது அடியோடு நின்றது. ஆனால் யாராவது குனிந்தால் அவர் கைகள் தாமாக நீளும், பாதி வழியில் நிற்கும், எங்கே வைப்பது என்று தெரியாமல் துண்டை முறுக்கும். "மேஷ்ட்ரு நம்மமேல கோவமா?" என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். பத்துப் பேர், அழுத்துகிற வாத்தியாரைத் தேடி வேறு இடத்துக்குப் போனார்கள்.

கணேச சதுர்த்தி முடிந்த மறுவாரம். வகுப்பு கலைந்து, நானும் ஒன்றிரண்டு பேரும் ஜமக்காளம் மடித்துக்கொண்டிருந்தோம். கெம்பம்மாவும் வந்திருந்தாள். உட்கார முடியாவிட்டாலும் ருக்சானா சொன்ன பயிற்சியைத் தூணைப் பிடித்து நின்றபடி செய்துவிட்டுப் போவாள். ஜவரய்யா ஒரு மூலையில் உட்கார்ந்து காலை நீட்டினார். குனிந்தார். நெற்றி முழங்காலுக்குப் போகவில்லை. நிமிர்ந்து, மூச்சை இழுத்துவிட்டு, மறுபடி குனிந்தார். நடுவில் ஒரு சாண் இருந்தது.

"போஸ்டம்மா," என்று கூப்பிட்டார். "வர மாட்டேங்குது. எட்டு நாளா வரல. கொஞ்சம் பின்னாடி வந்து அழுத்துங்க."

"மாட்டேன்."

"லேசா அழுத்துங்க. அந்த ஏழு நிமிஷம் இல்லாம எனக்குத் தூக்கம்கூட வரலம்மா. உள்ள என்னமோ ஓடிக்கிட்டே இருக்கு. ராத்திரியெல்லாம் வீட்டுக்குள்ள நடக்கிறேன்."

"நான் அழுத்தி உங்களுக்கும் கிழிஞ்சா, அந்தச் சாக்குல உக்கார நான் யாரைத் தேடுறது?"

ரொம்பக் கடுமையாகத்தான் சொன்னேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். ஐம்பது வருடமாக உடம்பு மடங்காமல் நிற்பது என்றால் என்ன என்றே தெரியாத மனிதர், அன்றைக்குத்தான் அந்த ஒரு சாணை உள்ளேயிருந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, இன்னும் கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்றும் இருந்தது.

தூணைப் பிடித்திருந்த கெம்பம்மா மெல்ல நடந்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேஷ்ட்ரே, எந்திரிங்க. ரெண்டு ஜமக்காளத்தை மடிச்சுப் போடுங்க. நடுவுல இல்ல, அதோட முன்விளிம்புல உக்காருங்க."

"எதுக்கு?"

"இடுப்பு பின்னாடி சாயாம முன்னாடி சாயறதுக்கு. ருக்சானா சொன்னது. எங்கிட்ட எதுக்குன்னு கேக்காதீங்க, நான் உங்ககிட்ட ஒரு நாளாவது கேட்டனா?"

உட்கார்ந்தார்.

"இப்ப முழங்காலை மடக்குங்க."

"மடக்கினா அது பச்சிமோத்தாசனமே இல்லம்மா."

"பேர் உங்களுக்குப் பெருசு, கால் எனக்குப் பெருசு. மடக்குங்க."

நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அவர் மடக்கினார். தோளில் கிடந்த துண்டைப் பாதத்தைச் சுற்றிப் போட்டு இரண்டு முனையையும் பிடிக்கச் சொன்னாள். இழுக்கக் கூடாது, சும்மா பிடித்திருக்க வேண்டும். முதுகை நீட்டி இடுப்பிலிருந்து சாய வேண்டும். முதலில் வயிறு தொடைக்குப் போகட்டும், தலை கடைசியில் வரட்டும், வராவிட்டாலும் போகட்டும்.

"இழுக்குதா?"

"இழுக்குது."

"எங்க? தொடை நடுவுலயா, எலும்புக்கிட்டயா?"

"நடுவுல."

"நடுவுல இழுத்தா சரி. எலும்புக்கிட்ட சுருக்குனா உடனே மேல வந்துடணும். வேற யாரும் தொடக் கூடாது. எழும்போது மூச்சை இழுத்துக்கிட்டு, மெதுவா."

கடைசி இரண்டு வாக்கியம் சொல்லும்போது அவள் குரல் மாறிவிட்டது. ஜவரய்யா தலையைத் தூக்கவில்லை. மூன்று மடிப்பாக வளைந்து, மடங்கிய முழங்காலும் துண்டுமாக, பார்க்கச் சகிக்காத கோலம். இருபது மூச்சு அப்படியே இருந்தார்.

"இதுல ஒண்ணுமே நடக்கலையே" என்றார் எழுந்து.

"ஒண்ணும் கிழியலைல்ல? அப்ப நல்லாத்தான் நடந்திருக்கு."

அடுத்த வாரத்திலிருந்து முழு வகுப்பும் இப்படித்தான் செய்தது. ஜமக்காள மடிப்பு, மடங்கிய முழங்கால், துண்டு. முதுகுத்தண்டில் கோளாறு உள்ள இரண்டு பேரை ஜவரய்யா குனியவே விடவில்லை. யாருக்கு எங்கே இழுக்கிறது என்று ஒவ்வொருவரையும் கேட்டார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். எல்லாம் செய்தார். மழையில் நனைந்தபடி சாக்கில் உட்கார்ந்தார், ஜுரத்தோடு உட்கார்ந்தார். ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. நான் ஒரு நாள் கேட்டே விட்டேன். "அதான் உக்கார்றேனே, போஸ்டம்மா" என்றார். உட்கார்வதும் சொல்வதும் ஒன்றா? எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. கெம்பம்மா ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் மத்தியானம் கூடையைத் திருப்பித் தர அவர் போகும்போது அவள் நிமிர்ந்து பார்த்ததும் இல்லை.

ஆயுதபூஜைக்கு முந்தின நாள் வந்தது. மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. செவந்தி மலைமலையாக, பூசணிக்காய், வாழைக்கன்று, லாரிக்குக் கட்டுகிற மாலைகள். ருக்சானா முந்தின வாரம்தான், மூன்று மாதம் முழுசாக ஆகாவிட்டாலும் இனி உட்கார்ந்து பார்க்கலாம், வலித்தால் எழுந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். எட்டு மணிக்குக் கெம்பம்மா நடந்து வந்தாள், நான் கூட வந்தேன். தன்னால் உட்கார முடியவில்லையென்றால் இனி அந்த இடத்தை வைத்துக்கொண்டு பிரயோசனமில்லை, தொட்டதாயம்மாவின் மருமகளுக்கே விட்டுவிடுகிறேன் என்று வழியில் சொன்னாள்.

ஜவரய்யா அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அவர் எழுந்ததும் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாக்கின்மேல் ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போட்டாள் கெம்பம்மா. அவர் தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க."

கையை இழுத்துக்கொண்டார். அவள் வாசல் தூணைப் பிடித்து, ஒரு காலை முன்னால் நீட்டி, மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். கெம்பம்மா செவந்தியை எடுத்து நாரில் கோத்துக் கட்ட ஆரம்பித்தாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கூட்டம் கேட்டது, கொடுத்தாள். இருபது நிமிடம் ஆனபோது கை நின்றது. மேலுதட்டில் வியர்வை. தூணைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டாள், யாரையும் பார்க்காமல்.

"அவ்வளவுதான்" என்றாள்.

ஜவரய்யா அசையாமல் நின்றார். அந்தக் கூட்டத்தில், அத்தனை நெரிசலிலும், அவர் கால் ஓர் அடிகூட நகரவில்லை. அப்புறம் சொன்னார்.

"கெம்பம்மா, அன்னிக்கி அது தானா திறக்கல. நான்தான் கிழிச்சேன். தப்பு என்னுது."

அவள் திரும்பினாள். இத்தனை நாளில் முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வலிக்குதுன்னு நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"ரெண்டு தடவை சொன்னேன்."

"ரெண்டு தடவையும் விழுந்துச்சு."

"விழுந்தும் அழுத்துனீங்க."

"ஆமா."

யாரோ ஒருத்தி ஐந்து முழம் செவந்தி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். கெம்பம்மா முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணீர் நிற்கவில்லை, அவளும் அதை மறைக்கவில்லை. பிறகு கூடையைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்க. நான் நின்னு கட்டுறேன். அரை மணி கழிச்சு நான் இருபது நிமிஷம் உக்கார்றேன், அப்புறம் நீங்க. நாளைக்கும் இப்படித்தான். எத்தனை நாள்னு எனக்குத் தெரியாது, மேஷ்ட்ரே."

"வர்றேன்" என்றார் ஜவரய்யா. ஜமக்காள மடிப்பைத் தொடாமல் அதன் பக்கத்தில், வெறும் சாக்கில் உட்கார்ந்து, ஐந்து முழம் செவந்தியை அளந்தார்.